சுவர் வாசிப்பு

லெச்சேயில் இறந்தவர்கள்
முதலில் சுவருக்குத்தான் வருகிறார்கள்.
கறுப்பு விளிம்புத் தாள், பசை காயாமல்.
காய்கறிப் பையோடு நின்று வாசிப்பவர்கள் முதுகுக்குப் பின்னால்
எழுத்துக்கூட்டி இத்தாலியன் படித்தேன்:
மனைவி. மருமகன். நாளை மாலை நான்கு மணி.

பதினொன்றுக்கு மேல் கப்புச்சினோ கேட்டால்
"வயிறு சரியில்லையா?" என்பார்
காப்பிக்கடை தூச்சோ,
பாலை நுரைத்துக்கொண்டே.
உட்கார்ந்தால் காசு கூட;
நின்றே குடிக்கப் பழகினேன்.

இன்று அகராதி இல்லாமல்
ஒரு தாள் முழுக்கப் புரிந்தது.
தொனாத்தோ கலாந்தே, எழுபத்திரண்டு.
யாரோ என்று நகர்ந்தவள்
சின்ன எழுத்தில் தடுக்கினேன்:
'எல்லோருக்கும் தூச்சோ'.

"அவரைத் தெரியுமா?"
பக்கத்தில் ஃபெர்னாந்தா, கையில் பெருஞ்சீரகக் கிழங்கு.

இறந்தகாலம்
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
"தெரியும்" என்றேன்.

அவள் திருத்தவில்லை.