மூலை

பன்னிரண்டு அங்குல வாய். இருபத்திரண்டு கிலோ.
புக்கிட் பாத்தோக்கில் ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்தார்.
ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு
"வீடு சின்னது" என்றார்.
எங்கள் வீடும் அதே அளவுதான்.
நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஈசூன், பதினோராம் மாடி, நாலறை வீடு.
டிவிக்கு இடப்புற மூலையில் இறக்கினேன்.
குண்டுச்சட்டிக்குள் ஓட்டுகிற குதிரைக்கு
மூலையை விட்டால் லாயம் ஏது?

முதல் படத்தில் ஒரு பாலம் இடிந்தது.
சோபாவில் இருந்த எனக்கு
பக்கத்து வீட்டில் யாரோ
மெத்தை தட்டினாற்போல் இருந்தது.
திருகினேன். மறுபடி திருகினேன்.
என் மடியில் ஒரு கல்கூட விழவில்லை.
பதுங்கறையின் இரும்புக் கதவு மட்டும்,
உள்ளே அரிசி மூட்டையையும் பழைய காற்றாடியையும் வைத்துக்கொண்டு,
ங்ங்ங் என்று நெடுநேரம்
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் வாசல் கம்பியில் ஒரு காகிதம்.
பத்தாம் மாடி. ரொஹாயா. தாதி. இரவு வேலை.
பகலில் என் கட்டில் நடுங்குகிறது.

சண்டைக்குத்தான் இறங்கினேன்,
கையில் ஒரு பெட்டி குவேயோடு.
கதவைத் திறந்தவருக்குப் பாதி முகம் இன்னும் தூக்கத்தில்.
மேலே அழைத்துச் சொன்னேன்:
தேவா, பாலத்தை இடி.

வந்தது.
என் கூடத்துக்கு வராத அத்தனையும் வந்தது.
முதலில் அலமாரிக் கண்ணாடிக் குவளைகளில்,
பிறகு என் முழங்காலில்,
பிறகு விலாவில்.
வசனம் கிடையாது, படம் கிடையாது.
உத்தரத்துக்கு மேல் ஏதோ ஒரு பிராணி
புரண்டு படுக்கிறது, அவ்வளவுதான்.
நான் காசு கொடுத்து வாங்கிய பாலம்
இத்தனை நாளும் இங்கே விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

"பாலமா?" என்றார் ரொஹாயா.
"நான் லிஃப்ட் என்று நினைத்தேன்."

அன்றிரவு தேடித் தேடிப் படித்தேன்.
தாழ்ந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்.
ஓரிடத்தில் தேங்கும், ஓரிடத்தில் வற்றும்.
மூலையில் வைத்தால் கொழுக்கும்.
என் சோபா, வற்றிய இடத்தில்.
மேட்டில் உட்கார்ந்துகொண்டு
தண்ணீர் ஏறவில்லையே என்று
மடையைத் திறந்துவிட்டவள் நான்.

புதன்கிழமை, ரொஹாயா சந்தைக்குப் போகும் நேரம் கேட்டுக்கொண்டு,
பெட்டியைத் தூக்கிச் சோபாவில்
என் இடத்தில் உட்கார வைத்தோம்.
மகள் அதற்கு ஒரு தலையணை கொடுத்தாள்.
பாஸ் கிட்டார் படி ஏறி இறங்கும் ஒரு துண்டு,
திரும்பத் திரும்ப.
நான் தவழ்ந்தேன்.
முப்பத்தொன்பது வயதில், நைட்டியை இடுப்பில் செருகி,
தரைக்கு ஒரு முழம் மேலே காதைப் பிடித்து.

மூலையில் தூம் தூம் தூம், எல்லாச் சுரமும் ஒரே சேறு.
ஜெப மேசைக்குக் கீழே மௌனம்.
செருப்பு அலமாரி ஓரம் பரவாயில்லை.
துணிக் கம்புகள் சாய்ந்திருக்கும் சுவரின் நடுவில்,
நடுவுக்கும் கொஞ்சம் இந்தப் பக்கம்,
ஒவ்வொரு சுரமும் தன் காலை
தானே ஊன்றி நடந்தது.

"இங்கே" என்றேன் தரையிலிருந்து.
"அங்கே அயர்ன் போர்டு நிற்குமே" என்றார் தேவசகாயம்.

அயர்ன் போர்டு மூலைக்குப் போனது.
பெட்டிக்குக் கீழே தடித்த ரப்பர்.
ஒலியளவு மூன்றில் ஒரு பங்கு போயிற்று.
நாற்பத்திரண்டு ஹெர்ட்ஸில் ஒரு திமில் மிச்சம்,
அதையும் ரிசீவரில் வெட்டினேன்,
புருவம் திருத்துகிற அளவுக்கு.
இப்போது பாலம் விழுந்தால் விழுகிறது;
விழுந்த பின் பேசுவதில்லை.

நேற்று மத்தியானம் கைபேசியில் ரொஹாயா:
இப்போது ஒன்று வந்தது.
வீட்டில் டிவிகூட ஓடவில்லை.
"அது லிஃப்ட்" என்று எழுதினேன்.
எழுதிவிட்டு எழுந்து போய்
பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.