கால் சுற்று

கணேசபுரம் சப்வேயில் முக்கி எடுத்த வண்டி
புளியந்தோப்பு வந்ததும் இருமி நின்றது.
மூடிய கறிக்கடை ஷட்டரோரம் ஸ்டாண்டு போட்டேன்.
ரோசலின் செல்போன் டார்ச்சை இந்தப் பக்கம் பிடித்தாள்,
முகத்தை அந்தப் பக்கம்.
சீட்டுப் பணம். காலையிலிருந்து பேச்சில்லை.

கார்பரேட்டரைக் கழற்றவில்லை.
கழற்றினால் கேஸ்கட் கிழியும்,
இந்நேரம் புதுப்பேட்டையில் எவன் கடை திறந்திருப்பான்?
கிளாம்ப்பைத் தளர்த்தி
இருந்த இடத்திலேயே கொஞ்சம் சாய்த்தேன்.
அடி ஸ்க்ரூ திறந்ததும்
அறுத்த தண்ணி பாட்டிலில் பெட்ரோல்,
பெட்ரோலுக்கு அடியில்
பாதரசம் மாதிரி உருண்டது சப்வே.

கிண்ணத்தை இறக்கி
பிரேக் கேபிளில் உருவிய ஒற்றைக் கம்பியை
ஜெட்டின் கண்ணுக்குள் விட்டு எடுத்தேன்.
ஊதினேன். நாக்கெல்லாம் பெட்ரோல்.
எல்லாம் மூட்டி, ஏர் ஸ்க்ரூ இரண்டு சுற்று.

ஏழாவது உதையில் பிடித்தது.
பிடித்து, நொண்டியது.

"இன்னும் கால் சுத்து"
இருட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.
எக்ஸ்போர்ட் கம்பெனியில்
நாற்பது தையல் மெஷினுக்கு நடுவே
கெட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடிக்கிற காது.

கால் சுற்று.
வண்டி அடங்கி ஓடியது.

டார்ச் இப்போது என் முகத்தில்.
"மூக்குல கரி."