அரை மில்லிமீட்டர்

மே மாத ஞாயிறு, பெருங்குடி, காலை ஆறரை.
பூட்டிய அலுவலகத்தின் வாகன நிறுத்தத்தில்
பழைய தீயணைப்புக் குழாயை வளைத்துக் கிடத்தினால்
அதுதான் எங்கள் பந்தயப் பாதை.

ஹபீபாவின் காருக்குக் கார்பன் தட்டு.
ஓரமெல்லாம் ஃபெவிக்விக் தடவி
ராத்திரி முழுக்கக் காயவைத்திருக்கிறாள்.
திருப்பத்தில் அது லேசாக முறுக்கிக்கொண்டு
நேர்ப்பாதையில் முறுக்கைத் திருப்பிக் கொடுத்துவிடும்,
கைமாற்று வாங்கி அன்றைக்கே அடைப்பவரைப் போல.

என்னுடையது அலுமினியம்.
அம்பத்தூர்ப் பட்டறையில் வெட்டி வாங்கியது.
நாற்பது கிராம் கூடுதல்; அத்தனையும் தரையோரம்.
ஒன்பது மணிக்குத் தார் சூடேறி
டயரைப் பிடித்து இழுக்கத் தொடங்கியதும்
அவள் கார் மூன்று முறை மல்லாந்தது.
நான் சிரித்தேன்.

பத்தாவது சுற்றில் சிமென்ட் விளிம்பு.
பெரிய சத்தமில்லை. ஓடத்தான் செய்தது.
இடப்பக்கம் சொன்னால் உடனே திரும்பியது,
வலப்பக்கம் கேட்டால்
யோசித்தது.

வீட்டில், வெங்காயத் தோலை ஒதுக்கி
சமையல்மேடைக் கிரானைட்டில்
தட்டை மட்டும் கழற்றி வைத்து
ஒரு மூலையை அழுத்தினேன்.
டக்.
எதிர்மூலை எழுந்தது.

"கார்பனாக இருந்தால் பிளந்திருக்கும்,
பார்த்ததும் தெரிந்திருக்கும்" என்றாள் போனில்.
ஆறுதலா, அந்த மூன்று மல்லாத்தலுக்குப் பதிலா,
பிடிபடவில்லை.

குக்கர் விசிலடிக்க அடிக்க
மறுபடி அழுத்திப் பார்க்கிறேன்.
டக்.

அடுத்த வாரம் பாதை போடுவது என் முறை.
இடப்பக்க வளைவுகளாகப்
போட்டுவிட வேண்டும்.