உட்கார்ந்து பார்த்தல்

முதலில் உட்கார்ந்து பார்ப்பேன்.
கண்ணாடியெல்லாம் பிறகுதான்.
உட்கார விடாத உடையில் யாரும்
உலகத்தைக் காப்பாற்ற முடியாது.

பதினொரு வருஷம்,
ஆறு சூப்பர் ஹீரோயின்களுக்கு டூப்.
போஸ்டரில் முகம் அவர்களுடையது
முழங்கால் என்னுடையது.

மோசமானதைக் கேட்கிறீர்கள்.
ரப்பர்.
வயிற்றில் ஆறு கட்டு வார்த்து
வெள்ளி பூசிய ரப்பர்.
மே மாதம், மூடிய மில்லின் தகரக் கூரைக்குக் கீழே
காலை ஆறுக்கு உள்ளே போனேன்.
முதுகு ஜிப் இறங்கியது இரண்டரைக்கு.
பூட்ஸைக் கவிழ்த்தபோது
அரை டம்ளர் வழிந்தேன்.
அந்த உடைக்கு விருது கொடுத்தார்கள்.
இப்போது ஏதோ மாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது,
ஏசி உண்டு.

அதற்கு அடுத்தது நாலு அங்குலக் குதிகால்.
வில்லன் ஓடுவது புனித லூயி வீதியில்.
சாக்கடை மூடியின் துளைக்கும் என் குதிகாலுக்கும்
ஒரே அளவு எடுத்திருந்தார்கள் போல.
"கோபமாக ஓடுங்க" என்றார் டைரக்டர்.
கோபத்துக்குக் குறைவே இல்லை.

கால்சட்டைக்கு மேல் ஜட்டி போட்டவர்களை
எல்லோரும் கேலி செய்வார்கள்.
நான் செய்ய மாட்டேன்.
இடுப்பில் வடம் கட்டித் தூக்கும்போது
பெல்ட்டின் புடைப்பை மறைப்பது அதுதான்.
தொங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதுகில் பறக்கும் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
வைத்திக்குப்பத்தில் ஒருநாள்
ராட்சத விசிறி கிழக்கே ஊதியது
வங்காள விரிகுடா மேற்கே ஊதியது.
நடுவில் நான்,
ஐந்தரை மீட்டர் சிவப்புத் துணி முகத்தில் அப்பி
எந்தப் பக்கம் நீதி என்று தெரியாமல்.
கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒருத்தி
தலையைத் தூக்காமலே சொன்னாள்:
"முந்தானைய இடுப்புல செருவு தாயே, அப்பறம் சண்ட போடு."
செருகினேன்.
கட் சொல்லிவிட்டார்கள்.

சிறந்தது
மூன்றே நாள் ஓடிய படத்தில் வந்தது.
சேற்று நிறம்.
உரச்சாக்கு நடந்து வருகிறது என்று எழுதினார்கள்.
தைத்தவன் லியோன்ஸ், முத்தியால்பேட்டைக்காரன்,
அளவு எடுக்கும்போது
நில் என்று சொல்லாமல்
"குதிங்க" என்றவன்.
அக்குளுக்குக் கீழே சாய்சதுரமாய் ஓர் ஒட்டு.
கை முழுசாய் மேலே போனது.
முட்டியில் ஏழு மடிப்பு, விசிறிபோல.
ஜிப் இடது விலாவில்,
என் கையே எட்டும் இடத்தில்.
கழிப்பறைக்குப் போக
யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.
இதைவிடப் பெரிய சக்தியைப் படங்களில் நான் பார்த்ததில்லை.

அப்புறம் பாக்கெட். இரண்டு.
"ஹீரோயினுக்கு எதுக்குப்பா பாக்கெட்?"
லியோன்ஸ் பல்லிடுக்கில் ஊசியோடு
"சாவி எங்க வெப்பாங்க சார்?" என்றான்.

மூன்றாம் மாடியிலிருந்து குதித்தேன்.
துணி மடிந்து, கூடவே இறங்கி, திரும்ப விரிந்தது.
இரண்டாம் நாள் மதியக் காட்சியில் அதைப் பார்க்க
தியேட்டரில் பதினாலு பேர் இருந்தோம்.
அந்த இடத்தில் ஒருவன் பாப்கார்ன் வாங்க எழுந்து போனான்.

சம்பள பாக்கிக்குப் பதிலாக
அந்த உடையை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.
போன கார்த்திகையில் புயல் கரையைத் தொட்ட இரவு
அதைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போனேன்.
வேறு எதுவும் காயவில்லை.
இந்திரா காந்தி சிலைப் பக்கம் இடுப்பளவு தண்ணீர்.
நின்றுபோன பால் வண்டி ஒன்றை
நாலு பேரோடு ஐந்தாவதாகத் தள்ளினேன்.
அக்குள் கிழியவில்லை.
ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை.
"அக்கா, அந்தப் பக்கம் புடிங்க" என்றதோடு சரி.

வீட்டுக்கு வந்து
நனைந்த படியிலேயே உட்கார்ந்தேன்.
உடை ஒன்றும் சொல்லவில்லை.
பாக்கெட்டில் சாவி இருந்தது,
எந்த ஷூட்டிங்கிலோ போட்ட எலுமிச்சை மிட்டாய்
காகிதத்தோடு கரைந்து அதில் ஒட்டியிருந்தது.

முட்டி மட்டும் வலித்தது.
அது எந்தப் படத்தில் அடிபட்டது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.