பிழைத்த தாள்

வட்டுக்கோட்டை,
1848 ஆவணி 22.

வினாசித்தம்பி,
நலம், நலமறிய அவா என்று எழுதிவிட்டு
அரை நாழிகை சும்மா இருந்தேன்.
இந்தத் தாளைத் திருப்பிப் பாரும்:
அமெரிக்காவிலுள்ள அம்மணிக்கு
வருஷா வருஷம் எழுதும் நன்றிக் கடிதம்.
மூன்றாம் வரியில் மை கொட்டிப் போயிற்று.
தாள் விற்கிற விலையில் எறிய மனமில்லை,
உமக்கு அதன் முதுகு.

அவவின் மகன் ஈபன் ஹாலட்
ஒன்பது வயதில் காய்ச்சலில் போனவன்.
இருபது டாலரும் அவன் பெயரும்
ஒரே கப்பலில் வந்து என்மேல் இறங்கின.
கோணாமலை என்று கூப்பிட
இங்கே கிணற்றடிக் காகமும் இல்லை.
எனக்கு இப்போது பத்தொன்பது.
அவனுக்குக் கிடையாத பத்து வருஷத்தை
நான் கேத்திரகணிதத்தில் செலவழிக்கிறேன்.

இம்முறை கேட்டிருக்கிறா:
மகனே, உன் தலைமயிர் என்ன நிறம்?
பதில் எழுதப்போகத்தான் மை கொட்டியது.

உமக்கொரு செய்தி.
நீர் மதிலேறிக் குதித்த மாசமே
உம்முடைய யோசியா வீலொக்கை
அராலிப் பொடியன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.
பாயும் சிலேட்டும் இங்கிலீஷ் வேதமும் அவனுக்கே,
வேதத்தின் ஓரத்தில் நீர் கீறிய
ஒற்றைக் கொம்பு மாடு உட்பட.
காலையில் துரை பேர் கூப்பிடுகிறார்.
யோசியா என்றதும்
கடைசி வாங்கிலிருந்து
ஒரு கீச்சுக் குரல் "பிரசன்ட்" என்கிறது.
நான் திரும்பிப் பார்க்கிறேன்.
நாள்தோறும் பார்க்கிறேன், நாள்தோறும் ஏச்சு.

இரவில் அழுகிறான்.
நேற்றுப் பக்கத்தில் போய்ப் படுத்து
சொந்தப் பெயர் என்னவடா என்றேன்.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, பெட்டிக்கடியில் ஒளித்த பினாட்டை
கிள்ளிக் கொடுப்பதுபோல் சொன்னான்.
அதை உமக்கும் எழுதமாட்டேன்.
விளக்கணைந்தபின் இருவரும்
ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பார்த்தோம்,
காவற்காரனுக்குக் கேளாதபடி.

இது புகையிலைக் கட்டோடு
ஊர்காவற்றுறையில் தோணி ஏறும்.
திருவனந்தபுரத்துக் கிட்டங்கியில் கணக்கெழுதுகிறவர்
எனக்குத் தரவேண்டிய ஒரு இறைசாலை
மறந்திருக்க மாட்டார் என நம்புகிறேன்.

பதில் போட்டால் மேலே கோணாமலை என்றே எழுதும்.
அப்படியொருவன் இல்லையென்று
திருப்பி அனுப்பக்கூடும்.
இருந்தாலும் எழுதும்.

மயிர் விஷயம்:
நல்ல தாளில் கறுப்பு என்று எழுதினேன்.
அதன்கீழே, ஏனென்று தெரியவில்லை,
மன்னிக்கவும் என்றும் எழுதினேன்.