பற்றுப் பத்தி

ஏரியில் பனி இரண்டு சாண் கனத்துக் கிடந்த பிப்ரவரியில்
மீன்பிடிக்கப் போகும் சறுக்குவண்டியின்
இடது கால் முறிந்தது.
பற்றவைத்துத் தர எண்பது யூரோ கேட்டான்
ரொவானியெமிப் பட்டறைக்காரன்.
மெர்வி பணப்பையை மூடினாள்.
"இன்னும் கொஞ்சம் போட்டால்
மிஷினே வாங்கிவிடலாமே."

அந்த "இன்னும் கொஞ்சம்" எவ்வளவு என்று
நான் கேட்கவில்லை.
இருபத்திரண்டு வருஷக் குடித்தனம்.

கெமியார்வி நகராட்சியில் அவள் கணக்கர்.
பற்று ஒரு பத்தி, வரவு ஒரு பத்தி என்று
கோடு கிழித்த நோட்டில்
மூன்று வாரம் மிஷின்களை எழுதி எழுதி அடித்தாள்.

கம்பி தானாக ஓடிவரும் மிக்:
பழகச் சுலபம், தகடு ஓட்டையாகாது,
ஆனால் வாயு சிலிண்டருக்கு மாச வாடகை.
எங்கள் முற்றத்துக் காற்றோ
கொடியில் போட்ட சட்டையையே
அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் காயப்போடும்;
வாயுவையா விட்டுவைக்கும்?
அடித்தாள்.

டிக்:
இரண்டு கைக்கும் தனித்தனி வேலை, காலுக்கு ஒன்று.
"பியானோவே எனக்கு வரவில்லை."
அடித்தாள்.

உர்ப்போ தன் பழைய மிஷினை
சும்மாவே தருகிறேன் என்றான்.
செம்பும் இரும்புமாய் அறுபது கிலோ.
தூக்க மூன்று பேர்,
முடுக்கினால் தெருவே உறுமும்.
யானையைக் கட்டித் தீனி போடுவதா?
எங்கள் வீட்டு மின்சாரம் அதற்கு ஒரு கவளம்.

கடையில் ஒரு பெட்டி.
நெற்றியில் இருநூறு ஆம்பியர் என்று
கொட்டை எழுத்து.
மெர்வி அதைக் குப்புறக் கவிழ்த்தாள்.
அடிவயிற்றில், எறும்பு எழுத்தில்:
அந்த இருநூறில் பத்து நிமிஷத்துக்கு
ஒரு நிமிஷம்தான் எரியும்,
மீதி ஒன்பதும் ஓய்வு.
"எங்கள் ஆபீசில் இப்படி நாலு பேர் இருக்கிறார்கள்"
என்று திருப்பி வைத்தாள்.

கடைப் பையன் ஓன்னி கேட்டான்,
என்ன பற்றவைக்கப் போகிறீர்கள் என்று.
அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை.
ஒரு சறுக்குக்கால். அப்புறம்?
"வாங்கினால்தானே தெரியும்,
இத்தனை நாள் என்னவெல்லாம்
உடைந்து கிடந்ததென்று."

கடைசியில் எடுத்தது
ராடு வைத்து எரிக்கும் சின்ன இன்வெர்ட்டர்.
ஐந்து கிலோ, தோளில் மாட்ட வார்.
கைப்பை மாதிரியே மாட்டிக்கொண்டு வந்தாள்.
தானாக இருளும் முகமூடிக்கு
மிஷினில் பாதி விலை கொடுத்தாள்.
அங்கே மட்டும் பேரம் இல்லை.
கண் இரண்டுதான், உபரி கிடையாது.

சனிக்கிழமை.
நான் சவுனாவில், தலை நிறையச் சோப்பு.
கொட்டகையில் அவள்.
ஒரு சின்ன "டப்".
உலகம் கறுத்தது.

கண்ணில் சோப்பு எரிய,
துண்டைச் சுற்றிக்கொண்டு,
குளிரில் கிறீச்சிடும் முழங்காலோடு
பனியில் ஓடினேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
இரும்போடு ஒட்டிக்கொண்ட ராடை
முறுக்கிப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
"ஒட்டிக்கிச்சு பாரு!" என்றாள்,
ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டியதற்கு
அவ்வளவு பூரிப்பு.

சவுனா அடுப்பும் மிஷினும்
ஒரே நேரத்தில் ஓடக் கூடாதென்று
நோட்டில் எங்கேயும் இல்லை.
எழுதினாள்.

பதினொரு ராடு வீணானது.
பன்னிரண்டாவதில் ஒரு தையல் விழுந்தது,
காக்கை எச்சம் வரிசையாய்க் காய்ந்தது போல.
கசடைச் சுத்தியலால் தட்டியபோது
ஒரே ஒரு விரல் அகலத்துக்கு
அடியில் வெள்ளிச் செதில் மின்னியது.
அதையே வெகுநேரம் பார்த்தோம்.
பேசவில்லை.

மறுநாள் வண்டி ஏரிக்குப் போனது, திரும்பியும் வந்தது.
கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது.
மீன் மூன்று.

இரவு நோட்டை விரித்தாள்.
பற்றில் மிஷின், முகமூடி, கையுறை,
ராடு ஒரு கட்டு, ஃப்யூஸ் இரண்டு.
வரவில் "மீன் 3" என்று எழுதி
பேனாவைக் கடித்தபடி
வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள்.
நாற்காலி, அடுப்புக் கதவு, விளக்குத் தண்டு,
அப்புறம் நான்.

முழங்காலை மெல்ல
மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.