கீழே இறங்கும் தூண்டில்

பதினெட்டுப் பாகம்.
எண்ணுவது நானில்லை, சுட்டுவிரல் மடிப்பு.
தங்கூசி ஓடி ஓடி விழுந்த தழும்பில்
ஒவ்வொரு பாகமும் ஒருமுறை சுடும்.

கீழமுந்தலில் வள்ளம் தள்ளும்போது
விடிவெள்ளி இருந்தது, காற்று இல்லை.
நல்லதண்ணித் தீவைத் தொடாமல்
மிதவைக்கு வெளியே, நன்றாக வெளியே
சுற்றிப் போனோம்.
டீசல் ஒன்றரை லிட்டர் கூட.
"உள்ளே போட்டா அரைமணியில முடிஞ்சுரும்"
என்றான் நம்புராஜன்.
தினமும் சொல்வான்.
தினமும் சுக்கானை வெளிப்பக்கம் திருப்புவதும்
அவன்தான்.

இந்தப் பாருக்கு ஊரில் பெயர் கிடையாது.
ஜிபிஎஸ்ஸில் 'சட்டி' என்று போட்டிருக்கிறோம்.
ஏன் என்று கேட்டால்
ஆளுக்கொரு காரணம் சொல்வோம்.

கணவாய்த் துண்டு, ஈயம், பொறுமை.
கல்லுக்குள் யாரோ கதவைத் திறந்து
யாரென்று பார்ப்பதுபோல் ஒரு தட்டு.
அப்புறம் கதவு சாத்தும் பலம்.
களவா கடித்துவிட்டு ஓடாது,
தன் வீட்டுக்குள் நம்மை இழுக்கும்.
முதல் மூன்று பாகத்தில் நீ ஜெயிக்கவில்லையென்றால்
தூண்டிலை மறந்துவிட்டு வேறு தூண்டில் கட்டு.

எட்டு மணிக்குள் ஏழு.
விளிம்புப் பலகையில் இரண்டு ஆணித்தலை,
நடுவில் ஒரு முழம்.
இரண்டு மீன்களுக்கு அந்த முழம் எட்டவில்லை.

போன மாசி வரை
எட்டாததைத் தூக்கிக் கடலில் போடுவோம்,
புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு.
ஆழத்திலிருந்து ஏறிய வயிறு
பலூனாய் உப்பி, கண் பிதுங்கி,
கீழே போகவும் முடியாமல்
மேலேயே மல்லாந்து மிதக்கும்.
செம்பருந்து வந்து
எங்கள் புண்ணியத்தைக் கொத்திக்கொண்டு போகும்.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான்
நம்புராஜன் ஒரு சைக்கிள் கம்பியை வளைத்தான்.
முள் இல்லாத கொக்கி, தலைகீழாக.
அடியில் ரெண்டு கிலோ கல்.
மீனின் உதட்டில் மாட்டி
கல்லோடு இறக்கினால் வீடுவரை போகும்.
ஒரு வெட்டு இழுத்தால் கொக்கி கழன்றுவரும்.
மீனை இறக்குவதற்கு ஒரு தூண்டில்!
கரையில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

சின்னது இரண்டும் அப்படிப் போன பிறகு
வந்தாள் இவள்.
நாலு கிலோவுக்குக் குறையாது.
ஆணித்தலையைத் தாண்டி வால் வெளியே தொங்கியது.
பழுப்பில் ஆரஞ்சுப் புள்ளி.
வயிறு காற்றால் மட்டும் பெருத்ததல்ல,
தொட்ட விரலில் முட்டை ஒட்டியது.

இவளை எந்த ஆபீசரும் கேட்கப்போவதில்லை.
இவள் எந்த மிதவைக்கும் உள்ளே இல்லை.
சீனி காக்காவின் தராசு கேட்கும்,
வெள்ளிக்கிழமை குழுத் தவணை கேட்கும்.
என் கை ஐஸ்பெட்டி மூடியில் இருந்தது.
மூடி பாதி திறந்திருந்தது.
இதை நான் மறைக்கப்போவதில்லை.

நம்புராஜன் ஒன்றும் பேசவில்லை.
கல்லை எடுத்து என் மடியில் வைத்தான்.
நனைந்த கல். கைலி நனைந்தது.

கயிறு விட்டேன்.
மூன்று பாகம், பிணம்போல் கனம்.
ஏழு பாகம், அப்படியே.
பதினொன்றில் ஒரு உதறல்,
தூக்கத்தில் புரளும் பிள்ளை மாதிரி.
பதினாலில் அவளே இழுத்தாள்,
கல்லுக்கு முன்னால், கல்லையும் சேர்த்து.
பதினெட்டில் வெட்டினேன்.

வெறும் கொக்கி மேலே வந்து சேரும்வரை
இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
வந்ததும் அவன் பீடி பற்றவைத்தான்.
நெருப்புக் கேட்டேன், கொடுத்தான்.

கரையில் காக்கா தட்டைத் தூக்கி,
"என்னப்பா, அஞ்சுதானா?"
"அஞ்சுதான்."
"பெருசு ஒண்ணும் படலையா?"
"பட்டுச்சு" என்றான் நம்புராஜன்,
"வீட்ல வேலை இருக்குன்னு போயிருச்சு."
காக்கா சிரிக்கவில்லை.
தராசுக் கல்லை மாற்றிப் போட்டார்.

தவணைக்கு இருநூற்று நாற்பது குறைந்தது.
குழுத் தலைவி லூர்தம்மாளிடம்
இன்ஜின் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன்.

நாளைக்கும் அதே சட்டி, அதே கணவாய்த் துண்டு.
அவளே மறுபடி கடித்தால் என்ன செய்வேன் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
அதற்குள் அவள்
வேலையை முடித்திருக்க வேண்டும்.